வாடகைக்கு மூளை

‘பணிசெயல் முறைமைச் செயற்றிட்டம் ஒன்றுக்கு நிபுணர் தேவை. மூன்று தினங்களுக்குள் முடித்துத் தரல் வேண்டும். மாணவன் ஒருவன் எழுதியது போலவே தோற்றமளித்தல் வேண்டும். கூலி பேசிக்கொள்ளலாம்.’

கணினி கற்கும் மாணவர் சிலர் உலகெங்கும் விடுத்துவரும் வேண்டுகோள்களின் சாரம் இதுதான். இதன் மூன்றாவது வாக்கியத்தை இன்னொருமுறை படித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நிபுணரின் கைத்திறன் வேண்டும். ஆனால் அது நிபுணரின் கைத்திறன் என்று எவருக்கும் தெரிந்துவிடக் கூடாது. தச்சனிடம் சென்று, ‘நல்ல கதிரை ஒன்று செய்து தா, ஆனால் தொழில் பழகும் பையன் செய்ததுபோல் ஒரு காலை மட்டும் சற்றுக் கோணலாக வைத்துவிடு’ என்று கேட்பவன் எங்கேனும் உண்டா? கல்விச் சந்தையில் உண்டு. அதற்கென்றே தனியான கூலியும் உண்டு.

இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இவ்வேண்டுகோள்கள் எழுகின்றன. நைரோபியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவற்றுக்குச் செவிசாய்ப்போர் இருக்கின்றனர். இக்கொடுக்கல் வாங்கலுக்கு ‘உதவி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வயல் அறுப்புக்கு அயலவன் வந்து கைகொடுப்பது உதவி. செத்த வீட்டுக்கு ஊர் திரண்டு வந்து பந்தலிடுவது உதவி. பரீட்சகனை ஏமாற்றுவதற்கென்று பேரம்பேசி வாங்கும் சரக்குக்கும் அதே சொல்லா? சொற்களைக் களவாடுவதுதான் இவ்வியாபாரத்தின் முதற் களவு.

பணிசெயல் முறைமை எதுவென அறியாதவர்க்காகச் சில வார்த்தைகள். கணினி ஒன்றினுள் ஒரே வேளையில் பல செய்நிரல்கள் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியதென்றும், கணிக்கும் பொறி தனக்காகவே சுழல்கிறதென்றும் எண்ணிக்கொள்கின்றன. உண்மையில் பொறியும் நினைவகமும் எல்லோருக்கும் பொது. யாருக்கு எப்போது முறை, எவ்வளவு நேரம், ஒருவர் பாவிக்கும்போது மற்றவர் கைவையாது தடுப்பது எப்படி என்பவற்றைத் தீர்மானிக்கும் அடித்தளச் செய்நிரலே பணிசெயல் முறைமை. யாழ்ப்பாணத்திலே பங்குக் கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. முறை தவறினால் கிணற்றடியில் என்ன நிகழும், அது எந்த நீதிமன்றத்தில் எத்தனை வருடம் இழுபடும் என்பதை நம்முடைய அப்புமார் நன்கறிவார்கள். கணினிக்குள் முறை தவறினால் சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான் வேற்றுமை.

இதனைக் கற்பிப்பதற்கென்றே சிறிய முறைமைகள் சில ஆக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2004ஆம் ஆண்டில் உருவான பின்டொஸ் ஒன்று. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 2006இல் உருவான எக்ஸ்வி6 மற்றொன்று. இவை உலகின் பல பாகங்களில் வகுப்பறைகளுக்குள் நுழைந்துள்ளன. முழுமை பெறாத முறைமை ஒன்றை மாணவன் கையிற் கொடுத்து, ‘இதில் இல்லாத உறுப்பை நீ ஆக்கு’ என்கிறார் ஆசிரியர். மாணவன் எழுதவேண்டிய வரிகள் சில நூறுதான். ஆனால் அவற்றை எழுதுவதற்கு முன் அவன் படித்து விளங்கவேண்டிய வரிகள் பல ஆயிரம். செயற்றிட்டத்தின் பயன் அந்தச் சில நூறு வரிகளில் இல்லை. அவற்றால் எவருக்கும் எவ்விதப் பிரயோசனமும் கிடையாது. புள்ளியிட்ட மறுநாள் அவை குப்பை. அவற்றை எழுதும்போது மாணவனின் தலைக்குள் நிகழும் மாற்றமே பயன். வாங்குபவன் குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிறான். பெறுமதியான பகுதியோ விற்பவனின் தலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உலக வர்த்தகத்தில் இத்தகைய விந்தை வேறெங்கும் நடப்பதாக நான் அறியேன்.

இந்நோய்க்கு ‘ஒப்பந்த மோசடி’ எனப் பெயரிட்டவர்கள் பிரித்தானியாவின் பேர்மிங்காம் நகரில் கணினி கற்பித்த ரொபேட் கிளார்க், தோமஸ் லங்காஸ்டர் என்னும் இருவர். ஆண்டு 2006. அவர்கள் ஆராய்ந்தது இலக்கியக் கட்டுரை விற்கும் கடையையன்று. செய்நிரல் எழுதும் வேலையை ஏலத்தில் விடும் சந்தை ஒன்றையே ஆராய்ந்தார்கள். குறைந்த கூலி கேட்பவனுக்கு வேலை. அங்கே உண்மையான வியாபார வேலைகளுக்கிடையே மாணவர் ஒப்படைகளும் வரிசையாகக் கிடந்தன. கலைப்பீடத்து மாணவரின் ஒழுக்கம் பற்றிக் கணினித் துறையினர் அவ்வப்போது மூக்கைச் சுளிப்பதுண்டு. நோய் முதலிற் கண்டறியப்பட்டது நம்முடைய வீட்டில்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இவ்வியாபாரத்துக்காக வாதாடும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களின் முதல் வாதம், ‘தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்பது குற்றமா?’ என்பது. குற்றமேயல்ல. சொல்லப்போனால் இத்துறையின் வரலாறே அப்படிக் கேட்டவர்களின் வரலாறுதான். 1970களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்னும் ஆசிரியர், யுனிக்ஸ் முறைமையின் ஆறாம் பதிப்பை வரிவரியாக எடுத்து, மாணவர்க்கென உரை எழுதினார். நம்முடைய பழைய உரையாசிரியர்கள் இலக்கணத்துக்கு உரை எழுதியது போன்ற முயற்சி அது. ஆனால் 1979இல் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, மூலச் செய்நிரலை வகுப்பறையிற் பாடமாக வைக்கக் கூடாதென உரிமைக்காரக் கொம்பனி நிபந்தனை விதித்தது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? லயன்ஸின் உரையைப் பிரதிக்குப் பிரதி எடுத்து, கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். நூலாக அது பகிரங்கமாக அச்சேறியது 1996இல். விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தாகத்தால் பிரதி எடுத்தவர்கள் அவர்கள். விளங்காமலிருக்கும் வசதிக்காகப் பணம் செலுத்துபவர்கள் இவர்கள். இரு சாராரையும் ஒரே சொல்லால் எப்படிக் குறிப்பது?

அத்தடையின் காரணமாகவே ஒல்லாந்தில் அன்று தனன்போம் என்ற பேராசிரியர், மாணவர் படிப்பதற்கென மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி, 1987இல் நூலுடன் வெளியிட்டார். பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் அந்நூலைப் படித்தான். அவன் பெயர் லினஸ் தோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டில், தான் ஒரு முறைமை எழுதிவருவதாகவும், மினிக்ஸில் எது பிடிக்கும் எது பிடிக்காது என்று மற்றவர்கள் சொன்னால் உதவியாயிருக்கும் என்றும் உலகறிய எழுதிக் கேட்டான். நிபுணர் உதவியை நாடிய மாணவன் என்றால் இவனல்லவா? இவன் தன் பெயரை மறைக்கவில்லை. தன் அறியாமையையும் மறைக்கவில்லை. மறுவருடம் தனன்போம் அவ்வாக்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து, நீர் என் மாணவனாக இல்லாதது உமது அதிர்ஷ்டம், இவ்வமைப்புக்கு நல்ல புள்ளி கிடைத்திராது என்ற கருத்துப்பட எழுதினார். மாணவனும் சளைக்காமல் மறுமொழி எழுதினான். பேராசிரியரின் கண்டனம் சரியா பிழையா என்பது வேறு விடயம். அந்த ஆக்கம்தான் லினக்ஸ். இன்று நம் சட்டைப்பைகளிற் கிடக்கும் அண்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடியில் ஓடுவது அதன் வழிவந்ததே. பகிரங்கமான கேள்வி, பகிரங்கமான சண்டை, பகிரங்கமான திருத்தம் என்பன உதவியின் இலட்சணங்கள். இரகசியம் கூலிச் சந்தையின் இலட்சணம்.

‘தொழிலுலகில் எவன் ஐயா எல்லாவற்றையும் தானே எழுதுகிறான்? பிறர் எழுதியதை எடுத்துப் பாவிப்பதுதானே நடைமுறை?’ என்பது அவர்களின் இரண்டாவது வாதம். மெய்தான். ஆனால் அங்கே எழுதியவனின் பெயர் செய்நிரலின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்யச் ‘சகானா’ என்னும் மென்பொருளை இந்நாட்டு இளைஞர்கள் சம்பளமின்றி எழுதினார்கள். மறுவருடம் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அதனை அங்கே எடுத்துப் பாவித்தார்கள். எவரும் அதைத் தாம் எழுதியதாகச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பகிர்ந்துகொள்வதையும் பொய்யொப்பம் இடுவதையும் ஒன்றென வாதிடுபவர்கள், இதில் எதைக் காப்பாற்ற முனைகிறார்கள் என்பது தெளிவு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒரு மாணவன் ஒரு பூட்டுக் கணக்கை எழுதாமல் விட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? கவிழ்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. பின்டொஸின் முதலாவது செயற்றிட்டத்திலே ‘முன்னுரிமைத் தானம்’ என்றொரு பகுதி வருகிறது. உயர்ந்த முறையுடைய வேலை ஒன்று, தாழ்ந்த முறையுடைய வேலை பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்துக்கிடக்கிறது. அதற்கிடையில் நடுத்தர வேலைகள் புகுந்து தாழ்ந்ததை நகரவிடாது தடுக்கின்றன. ஆக, முதலிடத்துக்குரியது கடைசியில் நிற்கிறது. இதைத் தவிர்ப்பதற்கு, பூட்டை வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாக உயர்ந்த முறையை வழங்கவேண்டும். கேட்பதற்கு எளிது, எழுதும்போது தலை சுற்றும். மாணவர் பலர் பணத்தை எடுக்கும் இடமும் இதுதான். 1997 யூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ‘பாத்பைண்டர்’ விண்கலம், சில நாட்களில் அடிக்கடி தானாக நின்று நின்று மீளத் தொடங்கியமைக்குக் காரணம் அட்சரம் பிசகாது இதே குழப்பம். காலநிலைத் தரவு சேகரிக்கும் சிறிய வேலையொன்று பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூமியிலிருந்த பொறியியலாளர்கள் அதே கலத்தின் இரட்டையை ஓடவிட்டுக் குழப்பத்தை மீண்டும் வரவழைத்து, காரணத்தைக் கண்டு, முன்னுரிமையை வழங்கும் வசதியை இயக்கிவிட்டார்கள். அங்கே கூலிக்கு எவரையும் கூப்பிட நேரமிருக்கவில்லை.

விண்கலம் பிழைத்தது. மனிதர் பிழைக்காத கதையும் உண்டு. ‘தெராக்-25’ என்னும் கதிர்ச் சிகிச்சைப் பொறி 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு புற்றுநோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைச் செலுத்தியது. சிலர் மாண்டனர். பொறியை இயக்குபவர் கட்டளையைத் தவறாக இட்டு, உடனே விரைந்து திருத்தும்போது, உள்ளே ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு வேலைகள் முறைதவறின. திரையில் ஒன்று, கதிரின் வாயில் வேறொன்று. அப்பொறிக்கான பணிசெயல் முறைமையை எழுதியவர் தனியொருவர். முன்னைய மாதிரியிலே இத்தகைய தவறு ஏற்பட்டாலும், தனியான மின்பொறித் தடைகள் நோயாளியைக் காத்து நின்றன. புதிய மாதிரியிலே அத்தடைகளை நீக்கி, செய்நிரலை மட்டும் நம்பினார்கள். அதை எழுதியவர் தம் ஒப்படையைக் காசுக்கு வாங்கியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். தெரிந்தவனே தவறக்கூடிய இடம் அது என்பதுதான் நான் சொல்ல வருவது. தெரியாதவனைத் தெரிந்தவன் எனச் சான்றிதழ் கொடுத்து அவ்விடத்தில் இருத்துவது எத்தகைய செயல்?

இனி, மறுபக்கத்தில் இருப்பவனைப் பார்ப்போம். வாங்குபவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நம்முடைய பத்திரிகைகளின் வழக்கம். விற்பவன் யார்?

2022ஆம் ஆண்டில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவுக்கும் மேல் ஏறிய மாதங்களில், படித்துவிட்டு வேலையின்றி அல்லது வேலையிருந்தும் வயிறு நிரம்பாமல் இருந்த பலர், டொலரிற் கூலி தரும் எந்தக் கதவையும் தட்டினார்கள். அவர்களுள் ஒருவன் என்னிடம் படித்தவன்; வகுப்பில் முதல் மூவருள் ஒருவனாக வந்தவன். சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாக் கூட்டத்திற் கண்டேன். வீதியோரமாக நின்று நெடுநேரம் பேசினோம்.

‘சேர், ஒரே பூட்டுக் கணக்கைப் பதினாலு தரம் எழுதிப்போட்டன். ஒவ்வொரு தரமும் வேறை ஆள் எழுதின மாதிரி எழுதோணும். அதுதான் கரைச்சல்.’

‘முதற் தரம் எழுதேக்கை என்ன நினைச்சீர்?’

‘சந்தோசமாய்த்தான் இருந்தது, சேர். படிச்சதுக்கு ஒரு பாவனை வந்திட்டுது எண்டு.’

கிடைத்த கூலியிற் பாதிக்கு மேல் இடையில் நின்ற தரகனுக்குப் போனதென்றான். யாருக்கு எழுதினான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒருவன் மட்டும், தனக்கு அங்கே உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று நன்றி கூறி இரண்டு வரி எழுதியிருந்தானாம். அந்த உத்தியோகத்துக்கு இவனும் விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் இவனுடைய பட்டத்தில் அந்த நாட்டு முத்திரை இல்லை. அறிவு இங்கே, முத்திரை அங்கே. தேயிலை இங்கே விளைந்து, பெயர் வேறிடத்தில் ஒட்டப்பட்ட கதையை நாம் எத்தனை தலைமுறையாகக் கேட்டுவருகிறோம்!

கென்யாவில் இந்நிலை இன்னும் பரந்தது. மேல்நாட்டு மாணவர்க்காக எழுதும் படித்த இளைஞர்களின் வாழ்க்கையை ‘நிழல் அறிஞர்கள்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 2024இல் ஓர் ஆவணப்படம் வெளிக்கொணர்ந்தது. அவர்களின் ஆற்றலைப் பார்ப்பவன், ‘இவர்கள் ஏமாற்றுக்காரர்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. எந்தப் பல்கலைக்கழகத்துக்குள் கால்வைக்க அவர்களுக்கு விசாவும் பணமும் கிடைக்கவில்லையோ, அதே பல்கலைக்கழகத்தின் பாடங்களை அவர்கள் சித்தியடைந்துகொண்டிருக்கிறார்கள், வேறொருவரின் பெயரில்.

சட்டம் என்ன செய்கிறது? நியூசிலாந்து 2011இலும், அயர்லாந்து 2019இலும், அவுஸ்திரேலியா 2020இலும், இங்கிலாந்து 2022இலும் இவ்வியாபாரத்தைத் தடைசெய்து சட்டமியற்றின. அவுஸ்திரேலியச் சட்டத்தின்கீழ் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. இச்சட்டங்களின் வாள் விற்பவன்மீதும் விளம்பரம் செய்பவன்மீதும் வீழ்கிறது. வாங்கிய மாணவனின் விடயம் பல்கலைக்கழகத்தின் கையில் விடப்பட்டிருக்கிறது. மாணவனைச் சிறையிலடைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆனால் இச்சட்டங்களின் கண்ணிற் படாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் கௌரவமானவர், கறுப்பு அங்கி அணிபவர், பட்டமளிப்பு விழாவில் நடுநாயகமாக வீற்றிருப்பவர். அவர்தான் பல்கலைக்கழகம்.

அந்நிய மாணவனிடம் உள்நாட்டானைவிடப் பன்மடங்கு கட்டணம் அறவிட்டு, அவனுக்குப் பாடம் விளங்கக்கூடிய மொழியறிவு உண்டா என்பதைப் பெயருக்குச் சோதித்து, சில நூறு பேருடன் ஒரே மண்டபத்தில் இருத்தி, அவன் எழுதியதை எந்த மனிதனும் படிக்காமல் பொறியொன்று சோதனை ஓட்டிப் புள்ளியிடும்படி விட்டால், அவன் வேறென்ன செய்வான்? 2014இல் சிட்னிப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்திய ஒப்படைக் கடை சீன மொழியில் விளம்பரம் செய்தது என்பது தற்செயலன்று. கட்டணத்துக்கும் மொழிக்கும் இடையில் நசுங்கியவனைத் தேடித்தான் அவ்வியாபாரி வலை விரித்தான். பல்கலைக்கழகம் கடையானபோது, கடைக்கு எதிரே இன்னொரு கடை முளைத்தது. முதலாவது கடைக்காரர் இரண்டாவது கடைக்காரரைப் பார்த்து ஒழுக்கம் போதிப்பதைக் கேட்கச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அவர்களிடமுள்ள ஆயுதத்தையும் பாருங்கள். பேர்க்லியில் 1994இல் ஆக்கப்பட்ட ‘மொஸ்’ என்னும் கருவி, இரண்டு மாணவரின் செய்நிரல்கள் ஒன்றுபோலிருந்தால் காட்டிக்கொடுக்கும். அயலவனைப் பார்த்துக் கொப்பியடித்த ஏழை மாணவன் அதிற் பிடிபடுவான். பணம் கொடுத்துப் புதிதாக எழுதுவித்தவன் பிடிபடமாட்டான். அது யாருடையதுபோலவும் இராது. என் பழைய மாணவன் பதினான்கு தரம் பதினான்கு விதமாக எழுதியதன் சூட்சுமம் இதுதான். காசில்லாக் களவைப் பிடித்து, காசுள்ள களவை வாழ்த்தியனுப்பும் காவலன்.

இனி நம்மவரோடு ஒரு வார்த்தை. முற்போக்காளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் நண்பர் ஒருவர், ‘பரீட்சை முறையே முதலாளித்துவத்தின் சல்லடை, அதை ஏமாற்றும் மாணவன் ஒருவகைப் போராளி’ என்று என்னிடம் வாதாடினார். இத்தகைய புரட்சி நாற்காலியில் சாய்ந்திருந்து செய்வதற்கு வெகு சுகமானது. போராளியாவதற்குக் கடனட்டை வேண்டுமென்றால் அது எந்த வர்க்கத்தின் போராட்டம்? நூறு டொலர் கொடுக்கக்கூடியவன் போராளி; இரவிரவாகக் கண்விழித்து அரைகுறையாக எழுதி அரைப்புள்ளி வாங்குபவன் துரோகியா? 1945இல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைப் பெற்றுத்தந்தபோது உடைக்கப்பட்டது பணத்துக்கும் சான்றிதழுக்கும் இடையிலிருந்த பாலம். அதைத்தான் இவ்வியாபாரம் பின்வாசல் வழியாகத் திரும்பக் கட்டுகிறது. தோட்டத்து லயத்திலிருந்து படித்து வந்த பெண்ணும், கொழும்பிற் பெரும் கட்டணத்தில் அந்நியப் பட்டம் படிக்கும் செல்வப் புதல்வனும் ஒரே உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அவளுடைய கையிலிருப்பது அவளுடைய அறிவு ஒன்றுதான். அதன் பெறுமதியைக் குறைப்பது எதுவோ அது அவளுக்கு எதிரி. இதற்குமேல் இதில் தத்துவம் எதுவுமில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் இடர்ப்பாட்டையும் மறைக்கக் கூடாது. உயர்தரம் வரை அவள் ‘பணிசெயல் முறைமை’ என்றும் ‘முறைவழி’ என்றும் தமிழிற் படித்தவள். பல்கலைக்கழகத்தில் முதலாம் நாளே எல்லாம் ஆங்கிலம். பூட்டு, முட்டுக்கட்டை, மாயநிகர் நினைவகம் என்னும் எண்ணக்கருக்கள் அவளுக்குத் தெரியும். அவற்றைப் பற்றிய முந்நூறு பக்க ஆங்கில விளக்கத்தில் அவள் தொலைந்துபோகிறாள். வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம்; ஆங்கிலத்திற் கேட்கவேண்டுமே! விரிவுரையாளர் அறைக்குப் போகப் பயம். இரகசியமாகப் பணம் செலுத்தினால் எவரும் சிரிக்கமாட்டார்கள். நாம் திறக்காத கதவின் சாவியைத்தான் தரகன் விற்கிறான். எக்ஸ்வி6 முழுவதும், அதற்கான நூலும், இலவசமாகக் கிடைக்கின்றன. லயன்ஸ் அன்று ஆங்கிலத்திற் செய்ததுபோல் அதற்குத் தமிழில் ஓர் உரை எழுத நம்முடைய பல்கலைக்கழகங்களில் இத்தனை கலாநிதிகளுக்குள் எவருக்கும் இன்றுவரை நேரம் வாய்க்கவில்லை. பழந்தமிழ் நூல்களுக்கு உரைக்கு உரை எழுதிய இனம் நாம்! இக்குற்றச்சாட்டிலிருந்து என்னையும் நான் விலக்கிக்கொள்ளவில்லை.

‘இதெல்லாம் பழங்கதை; இப்போது கூலிக்காரனே தேவையில்லை’ என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தபின், கேட்ட மாத்திரத்தில் செய்நிரல் கிடைக்கிறது. மாணவர்க்கு விடை விற்றுவந்த செக் என்னும் அமெரிக்கக் கொம்பனியின் பங்கு விலை, அதன் தாக்கத்தை அக்கொம்பனியே ஒப்புக்கொண்டதும், 2023 மே மாதத்தில் ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியாயிற்று. எக்ஸ்வி6க்கும் பின்டொஸுக்கும் மாணவர் எழுதிய விடைகள் ஏற்கனவே எங்கும் குவிந்து கிடப்பதால் இயந்திரத்துக்கு அவை தண்ணீர்பட்ட பாடு. ஆகவே நைரோபியிலும் யாழ்ப்பாணத்திலும் நிழலாக உழைத்தவன் அந்தக் கூலியையும் இழக்கிறான். அவனுக்காகக் கண்ணீர் விடலாம். ஆனால் வாங்கியவனின் நிலை மாறவில்லை. முன்பு ஒரு மனிதனின் மூளையை வாடகைக்கு எடுத்தான். இப்போது பல்லாயிரம் மனிதர் எழுதியதை அரைத்துப் பிழிந்த சாற்றை மாதச் சந்தாவுக்குக் குடிக்கிறான். சோதனை ஓட்டிப் புள்ளியிடும் பொறிக்கு, விடை எழுதும் பொறி பதிலளிக்கிறது. நடுவில் மாணவனும் ஆசிரியனும் எதற்கு என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகம்தான் விடை சொல்லவேண்டும்.

ஒரு விடை எனக்குத் தெரியும். புதிதன்று, மிகப் பழையது. எதிரே இருத்திக் கேட்பது. சில வருடங்களாக என் வகுப்பில் ஒவ்வொரு மாணவரையும் பத்து நிமிடம் தனியாக இருத்துகிறேன். அவர் சமர்ப்பித்த செய்நிரலில் பூட்டைத் திறக்கும் வரி ஒன்றை அவர் கண்முன்னே அழித்துவிட்டு, ‘இனி என்ன நடக்கும்?’ என்று கேட்கிறேன். தமிழிலும் சொல்லலாம், ஆங்கிலத்திலும் சொல்லலாம், கடதாசியிற் படம் கீறியும் காட்டலாம். தானே எழுதியவருக்கு அரை நிமிடம் போதும். பிறர் எழுதியதைக் கொண்டுவந்து, ஆனால் இருந்து விளங்கிக்கொண்டவருக்குச் சற்று நேரம் செல்லும். அவரையும் நான் விரட்டுவதில்லை. மற்றவர்கள் திரையைப் பார்த்தபடி இருப்பார்கள். 120 பேருக்கு இருபது மணித்தியாலம். நேரமில்லை என்கிறார்கள் சக விரிவுரையாளர்கள். ஒரு தவணையிலே குழுக் கூட்டங்களில் நாங்கள் கொட்டாவி விட்ட மணித்தியாலங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டிருக்கிறேன்.

சென்ற தவணையில் ஒரு மாணவி அவ்வாறு திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, தான் எழுதவில்லை, மச்சாள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் எழுதுவித்தது என்று தானாகவே சொன்னாள். செயற்றிட்டத்துக்குப் பூச்சியம் இட்டு, ஒருமாத அவகாசம் கொடுத்தேன். நான்கு சனிக்கிழமைப் பின்னேரங்கள் வந்தாள். முதல் நாள் பங்குக் கிணற்றைப் படமாகக் கீறினோம். பட்டை ஒன்று, கயிறு ஒன்று, வீடுகள் ஐந்து. இரண்டாம் நாள் அவளே, ‘பட்டையை வைச்சிருக்கிற ஆள் நித்திரையாய்ப் போனால்?’ என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளுடைய செய்நிரல் ஓடாமல் நின்றது. அது ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அவள் சமர்ப்பித்தது சோதனைகளிற் பாதியைத்தான் தாண்டியது. பாதிப் புள்ளி இட்டேன்.